முயலுக்கு மல்லித்தழை போடும் முன்

எங்கள் தெருவில் மட்டும் இப்போது நான்கு வீட்டில் முயல் இருக்கிறது. கேரள எல்லையோரத்தில் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறையில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேராக எங்கள் வாசலுக்கு வந்து நிற்கிறார்கள். எல்லோருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, மல்லித்தழை போடலாங்களா?"

போடலாம். ஆனால் என்றைக்கு, எவ்வளவு, எதற்குப் பிறகு என்று தெரிந்துகொண்டு போட வேண்டும். இது எனக்கு யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் சந்தையில் ஒரு ஜோடி முயல் வாங்கினோம். உள்ளங்கையில் அடங்குகிற குட்டிகள், ஒன்றரை மாதம்கூட ஆகியிருக்காது. விற்றவர், "கீரை போட்டாப் போதும், வேறொண்ணும் வேண்டாம்" என்றார். வேலந்தாவளம் சந்தையிலிருந்து ஒரு முழுக் கட்டு மல்லித்தழை வாங்கி வந்து கூடைக்குள் போட்டேன். இரண்டும் போட்டி போட்டுத் தின்றன, பார்க்க அவ்வளவு அழகு. மூன்றாம் நாள் காலையில் கூடையின் ஒரு மூலை ஈரமாகக் கிடந்தது. வெள்ளைக்குட்டியின் பின்பக்கம் முழுக்கக் கழிச்சல். நான்காம் நாள் அது இல்லை. பழுப்புக்குட்டி பிழைத்துக்கொண்டது, அதற்குப் பஞ்சு என்று பெயர் வைத்தோம், இன்னும் எங்களோடு இருக்கிறது. புதிதாக முயல் வாங்கியவர்கள் யாருக்கும் அந்த நான்காம் நாள் வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வயிறு

முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் வந்தாக வேண்டும். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெரிய பை போல ஒரு பெருங்குடல்வாய் இருக்கிறது. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்க வைத்துச் சத்தாக்குகின்றன. தோசை மாவு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பழகின மாவில் திடீரென்று வேறு எதையாவது கொட்டினால் புளிப்பு கெட்டுப்போகும் இல்லையா, அதேதான் அங்கும் நடக்கிறது. புதுத்தழை ஒரேயடியாக இறங்கினால் நல்ல நுண்ணுயிர் குறைந்து கெட்டது பெருகும், வாயு கட்டும், கழியும். குட்டிக்கு அந்தப் பை இன்னும் பக்குவப்பட்டிருக்காது. அதனால் 12 வாரம் ஆகும்வரை பச்சைத்தழை வேண்டாம், உலர்ந்த புல்லும் தண்ணீரும் குட்டிக்கான தீவனமும் போதும். வயது தெரியாமல் வாங்கி வந்திருந்தால் சின்னது என்றே வைத்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்.

இன்னொன்று பல். முயலின் 28 பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்கப் புல்லை அரைத்தால்தான் அவை தேயும். மல்லித்தழை மெத்தென்று இருப்பதால் பல்லை ஒன்றும் செய்யாது. தழை மட்டுமே தின்று வளர்ந்த முயலுக்குக் கடைவாய்ப் பல் முனை நீண்டு நாக்கைக் குத்தும். தின்ன ஆசையிருந்தும் தின்ன முடியாமல் வாயில் எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கும்.

ஆகவே புல்தான் சோறு. தட்டில் பத்தில் எட்டுப் பங்கு புல் இருக்க வேண்டும். தழை அதற்குத் தொட்டுக்கொள்ள.

புல்லைப் பழக்குங்கள்

தழையை நினைக்கும் முன் ஒரு வாரமாவது புல் மட்டும் போட்டு, உருண்டை உருண்டையாகப் புழுக்கை விழுகிறதா என்று பாருங்கள். கடைகளில் டிமோத்தி என்று பாக்கெட்டில் உலர்புல் வருகிறது. நல்லதுதான், விலைதான் கையைக் கடிக்கும். நம் பக்கத்தில் அருகம்புல்லுக்குக் குறைவில்லை. காங்கேயம் மாடு மேய்கிற கொழுக்கட்டைப்புல்லும் கிடைக்கும். அறுத்து நிழலில் இரண்டு மூன்று நாள் காயவைத்தால் உலர்புல் ஆயிற்று. பச்சை வாசனை போகாமல், பூஞ்சை பிடிக்காமல் இருக்க வேண்டும். பாலக்காட்டுப் பக்கம் வைக்கோல் மலிவு என்பதால் பலர் அதையே போடுகிறார்கள். படுக்கைக்கு அது நல்லது, சாப்பாட்டுக்குச் சத்துப் போதாது.

தீவனப்பயிர்களில் முயல் மசால் என்றே ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து அதையே முழு உணவாகப் போட்டுவிடாதீர்கள். குதிரை மசால், வேலிமசால், முயல் மசால் மூன்றும் பயறு இனம், புரதம் அதிகம். வளரும் குட்டிக்கும் சினைமுயலுக்கும் கொஞ்சம் போடலாம். வளர்ந்து, வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிற முயலுக்கு வாரத்தில் ஒருநாள் ஒரு கைப்பிடி போதும்.

எந்தத் தழை

தொடங்குவதற்கு மல்லித்தழையைவிட நல்லது இல்லை. மணமும் தண்டும் முயலுக்குப் பிடிக்கும், பெரும்பாலான முயல்களுக்கு ஒத்துக்கொள்ளும். பஞ்சு தின்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இலைப்பக்கம் நீட்டினாலும் திருப்பித் தண்டு நுனியைத்தான் முதலில் பிடிக்கும். பல்லிடுக்கில் கறுக் கறுக்கென்று தண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் இலை மட்டும் மீசை மாதிரி இரண்டு பக்கமும் ஆடும். வேரை மட்டும் கிள்ளிவிட்டுத் தண்டோடு கொடுங்கள். இலையை ஆய்ந்து கொடுப்பது நமக்கு வேலை, முயலுக்கு நஷ்டம்.

அடுத்தது புதினா. காரமான மணம், சில முயல் முதலில் முகத்தைத் திருப்பும். மூன்று நாள் கழித்து மறுபடி கொடுத்துப் பாருங்கள். அப்புறம் திருநீற்றுப்பச்சை. சர்பத்தில் ஊறவைத்துப் போடுகிற சப்ஜா விதை இந்தச் செடியின் விதைதான். துளசியும் இதே குடும்பம், ஆனால் எண்ணெய் கடுமையானது. நாலைந்து இலைக்கு மேல் வேண்டாம். சதகுப்பையும் சோம்புத்தழையும் கிடைத்தால் தாராளமாகச் சேர்க்கலாம். வெந்தயக்கீரை கொஞ்சமாக. கோயம்புத்தூர்க் கடைகளில் பார்ஸ்லி வருகிறது, அதையும் அளவோடு போடலாம்.

வாய்க்கால் வரப்பில் படரும் வல்லாரையும், வெட்டுக்காய்ப் பூண்டு என்று நாம் சொல்கிற, மஞ்சள் நடுவும் வெள்ளை ஓரமுமாகப் பூக்கிற மூக்குத்திப்பூச் செடியும் முயலுக்கு ஆகும். வண்டி போகிற ரோட்டோரத்திலும், களைக்கொல்லி அடித்த தோப்பிலும் மட்டும் பறிக்காதீர்கள்.

ஓமவல்லியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சளிக்கு நாம் இடித்துக் கொடுக்கிற கற்பூரவள்ளி அதுதான், மலையாளத்தில் பனிக்கூர்க்க. வெளிநாட்டுப் பட்டியல்களில் 'ஆரிகானோ நல்லது' என்று படித்துவிட்டு, இரண்டும் ஒன்றென்று நினைத்து இதைப் போடுகிறார்கள். செடியே வேறு. நாய், பூனைக்கு ஆகாத செடிகளின் வரிசையில் இது வருகிறது. நான் முயல் பக்கம் இதைக் கொண்டுபோவதே இல்லை.

கழுவுவது

சந்தைக் கட்டில் மண்ணோடு மருந்தும் வரும். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணிக் கல்லூரி ஆய்வகம் காய்கறியில் பூச்சிமருந்து எச்சத்தைத் தொடர்ந்து சோதித்து வருகிறது. மல்லித்தழை, புதினா, கறிவேப்பிலை மாதிரியானவற்றுக்குப் புளிக்கரைசல் முறையை வீடுகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவர்கள்தான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் புளி கரைத்து வடிகட்டி, அதில் தழையைக் கால்மணி நேரம் முக்கி வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். செடி வேர்வழியாக உறிஞ்சிக்கொண்ட மருந்து இதில் போகாது, மேலே ஒட்டியிருப்பது குறையும். இரண்டு கிலோகூட இல்லாத பிராணிக்கு அந்தக் குறைவே பெரிய விஷயம்.

அலசியதும் உதறி, துணிமேல் பரப்பி ஈரம் போகவிடுங்கள். மழைக்காலத்தில் பறித்த தழையும் இப்படித்தான். கட்டோடு குவித்து வைத்தால் உள்ளே சூடேறி அவியும். கையை விட்டுப் பார்த்துக் கதகதப்பாக இருந்தால் அந்தத் தழையை எருக்குழியில் போடுங்கள், முயலுக்கு வேண்டாம்.

முதல் இரண்டு வாரம்

முதல் நாள் மாலை, வெயில் தணிந்த பிறகு, மல்லித்தழையில் ஒரே ஒரு கொத்து. இரண்டு மூன்று இலை இருந்தால் போதும். கெஞ்சும், கூண்டைக் கடிக்கும், உங்கள் மகள் அழுவாள். கொடுக்காதீர்கள். அடுத்த நாள் முழுக்கப் புழுக்கையைப் பாருங்கள். நன்றாக இருந்தால் மூன்றாம் நாள் இரண்டு கொத்து, ஐந்தாம் நாள் நான்கு கொத்து. ஒரு வாரம் மல்லி மட்டும். இரண்டாம் வாரம் மல்லியோடு புதினாவில் ஓர் இலை சேருங்கள், அதே மாதிரி ஏற்றுங்கள். ஒரே நாளில் இரண்டு புதுத்தழை கொடுத்தால், வயிறு கெட்டால் எதனால் என்று கண்டுபிடிக்க வழியில்லை. இதில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம், நானும் அப்படி அவசரப்பட்டவள்தான்.

நான் ஒரு பழைய நாட்குறிப்பில் எழுதி வைத்தேன்: தேதி, தழை, எத்தனை கொத்து, மறுநாள் புழுக்கை எப்படி. அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் பஞ்சுவுக்கு வெந்தயக்கீரை ஒத்துக்கொள்ளவில்லை என்பதைப் பிடித்தோம்.

நன்றாகப் பழகிய, வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு டம்ளர் அமுக்கி நிறைத்த தழை, ஒரு நாளைக்கு. அதற்கு மேல் வேண்டாம். அந்த டம்ளரும் ஒரே தழையாக இல்லாமல் இரண்டு மூன்று கலந்து, வாரத்துக்கு வாரம் மாறி வருவது நல்லது.

புழுக்கை சொல்லும்

முயல் பேசாது, அதன் புழுக்கைதான் பேசும். தினமும் காலையில் கூண்டின் அடித்தட்டைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நல்ல புழுக்கை கொண்டைக்கடலை அளவில் உருண்டையாக, ஒரே மாதிரியாக இருக்கும். விரலில் நசுக்கினால் காய்ந்த மரத்தூள் போல உதிரும், உள்ளே புல் நார் தெரியும், நாற்றமே இருக்காது. ஒரு முயல் ஒரு நாளில் 200, 300 கூடப் போடும்.

இது தவிர இன்னொரு வகை உண்டு, புதியவர்கள் பயப்படுவது அதைப் பார்த்துத்தான். சின்னத் திராட்சைக்குலை போல, பளபளப்பாக, மெழுகின மாதிரி, வாடையோடு இருக்கும். அது பெருங்குடல்வாயில் நொதித்த சத்துணவு. முயல் குனிந்து நேராக வாயால் எடுத்து விழுங்கிவிடும். அருவருப்பாகப் பார்க்காதீர்கள், தடுக்கவும் செய்யாதீர்கள். உயிர்ச்சத்து அதில்தான் இருக்கிறது. அந்தக் குலைகள் தின்னப்படாமல் தரையில் நசுங்கிக் கிடந்தால் தழையோ தீவனமோ அதிகம் என்று அர்த்தம். தழையை இரண்டு மூன்று நாள் நிறுத்தி, புல்லை மட்டும் போடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

புழுக்கை சின்னதாகி, எண்ணிக்கை குறைந்து, கோணலாக வந்தால் புல் போதவில்லை அல்லது குடல் மெதுவாகிறது. தண்ணீராகக் கழிந்தால் அது வேறு, அவசரம். எட்டுப் பத்து மணி நேரமாக ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல், முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் பல்லை நெறித்தபடி உட்கார்ந்திருந்தால் 'காலையில் பார்க்கலாம்' என்று விடக்கூடாது. முயலுக்குக் குடல் நின்றால் ஓரிரு நாளில் உயிர் போகும். மாட்டாஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள். போகும்போது ஒன்றைச் சொல்லிவிட மறக்காதீர்கள்: "இது முயல், வாய்வழி பெனிசிலின் வகை ஆகாது." நமக்கு எழுதிக்கொடுத்த, அதே வகையான அமாக்சிசிலின் மிச்சத்தைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வயிற்று நுண்ணுயிரை அழித்து முயலைக் கொன்றுவிடும்.

சிறுநீர் சில நாள் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ இருக்கும். தழையில் உள்ள நிறமிகளால் அப்படி ஆவதுண்டு, ரத்தம் என்று பதற வேண்டாம். சொட்டுச் சொட்டாக முக்கி முக்கிப் போனால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சத்துள்ள கீரை, ஆகவே கொஞ்சம்

நம் ஊரில் எல்லோரும் அகத்தியும் முருங்கையும் போடுகிறார்கள். ஆட்டுக்கு நல்லது, நமக்கும் நல்லது, முயலுக்கு ஏன் ஆகாது என்று கேட்கிறார்கள். காரணம் சுண்ணாம்புச்சத்து. நாம் தின்கிற கால்சியத்தில் உடம்புக்கு வேண்டியதைத்தான் குடல் எடுத்துக்கொள்ளும். முயலின் குடல் வந்ததில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். அதனால்தான் முயல் சிறுநீர் காய்ந்த இடத்தில் வெள்ளைத் தடம் நிற்கிறது. அளவு மீறினால் சிறுநீர்ப்பையில் சுண்ணாம்புச் சேறு படியும், கல்லாகும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் மல்லித்தழையில் 184 மில்லிகிராம் கால்சியம். முருங்கைக்கீரையில் 440, கறிவேப்பிலையில் 830, அகத்தியில் 1130. இந்த வரிசையைப் பார்த்தாலே எதை எவ்வளவு போடலாம் என்று புரிந்துவிடும். முருங்கையில் வாரத்துக்கு ஓர் ஈர்க்கு, கறிவேப்பிலையில் நாலு இலை. அகத்தி எங்கள் வீட்டு முயலுக்கு இல்லை.

தண்டுக்கீரை, அரைக்கீரை, பாலக், பருப்புக்கீரை, புளியாரை இவற்றில் ஆக்சலேட் அதிகம், அது சுண்ணாம்போடு சேர்ந்து படியும் பொருள். வாரத்தில் ஒருநாள், கொஞ்சம். இரண்டு ஆக்சலேட் கீரையை ஒரே நாளில் கலக்காதீர்கள்.

வேலியோரத்தில் ஆகாதவை

நாம் பார்த்துப் பழகிய செடி என்பதாலேயே தைரியமாகப் பறித்துப் போட்டுவிடுகிறோம். சவுண்டல் (சூபாபுல்) இலை அப்படித்தான். ஆடு வளர்ப்பவர்கள் மரத்தையே வளர்க்கிறார்கள். அதில் மைமோசின் என்ற பொருள் இருக்கிறது, தொடர்ந்து தின்ற முயலுக்கு மயிர் கொட்டும். குச்சிக்கிழங்கு இலை இன்னும் மோசம். மலையாளத்தில் கப்ப, தோட்டம் தோட்டமாக நிற்கிறது, குழந்தைகள் எளிதாகப் பறித்துவிடுவார்கள். பச்சை இலையில் சயனைடு உண்டாக்கும் பொருள் உண்டு. முளைத்துவரும் இளஞ்சோளப் பயிரிலும் அதே ஆபத்து.

அரளி, எருக்கு, ஊமத்தை, உண்ணிச்செடி, ஆமணக்கு, பார்த்தீனியம், தக்காளி இலை, உருளை இலை, சேம்பு இலை, வீட்டுக்குள் தொங்கும் மணி பிளான்ட் எதுவும் கூடாது. வெங்காயத்தாளும் பூண்டுத்தாளும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெண்ணெய்ப்பழ மரத்தின் இலையும் பழமும் விஷம்.

முயற்செவி என்று ஒரு பூண்டு. மலையாளத்தில் முயல்ச்செவியன், கேரளத்தில் தசபுஷ்பம் என்று போற்றுகிற பத்துச் செடிகளில் ஒன்று. பெயரிலேயே முயல் இருக்கிறதே என்று பக்கத்து வீட்டுப் பையன் ஒரு கூடை பறித்து வந்துவிட்டான். இலை முயல் காது போல இருப்பதால் வந்த பெயர் அது. ஈரலைக் கெடுக்கும் ஆல்கலாய்டு என்ற நச்சுப்பொருள்கள் அதில் இருக்கின்றன. அவன் முகம் வாடிப்போயிற்று. அதற்குப் பதிலாக ஒரு தொட்டியில் மல்லி விதைக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். மருந்துப் பயம் இல்லாமல் தழை வேண்டுமென்றால் வீட்டிலேயே போடுவதுதான் வழி. கொத்தமல்லி விதையைச் செருப்படியில் லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து, பழைய டப்பில் தூவுங்கள். பத்து நாளுக்குள் முளைக்கும், 40 நாளில் கிள்ளலாம். பங்குனி, சித்திரை வெயிலில் சீக்கிரம் பூத்துவிடும், அப்போது நிழல் பார்த்து வையுங்கள். புதினாவுக்கு விதையே வேண்டாம். சந்தைக் கட்டில் தடித்த தண்டாக நாலு எடுத்துத் தண்ணீர் டம்ளரில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் வேர் விடும். சப்ஜா விதையை ஒரு தொட்டியில் தூவினால் திருநீற்றுப்பச்சை வந்துவிடும். மூன்று தொட்டி இருந்தால் ஒரு முயலுக்குத் தேவையான மணத்தழை வீட்டிலேயே கிடைத்துவிடும்.

வெயில் நாளில்

பாலக்காட்டுக் கணவாய் வாயில் இருப்பதால் நமக்குக் காற்று உண்டு. ஆனால் மாசி முடிந்தால் அந்தக் காற்றே அனலாகும். 30 டிகிரிக்கு மேல் போனாலே முயலுக்குத் திண்டாட்டம். அலசி லேசான ஈரத்தோடு நாலு மல்லிக்கொத்து கொடுத்தால் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகும். ஆனால் தழை இருக்கிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள். தழையை உச்சிவெயிலில் போடாமல் காலையிலும் மாலையிலும் போடுங்கள். அரைமணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள், வாடிப் புளித்த இலையை இரவில் தின்றால் மறுநாள் தெரியும்.

ஊருக்குப் போகும்போது முயலைப் பக்கத்து வீட்டில் விட்டுப்போக நேரும். நான் நாலு நாளுக்கு உலர்புல்லைச் சாக்கில் அளந்து கொடுத்துவிட்டு, "தழை ஒண்ணும் போட வேண்டாங்கக்கா, புல்லும் தண்ணியும் போதும்" என்று சொல்லிவிட்டுப் போவேன். திரும்பி வந்த அன்று மாலை, முதல் நாளைப் போலவே, ஒரே ஒரு கொத்து மல்லியிலிருந்து ஆரம்பிப்பேன்.